தெற்குப் பார்த்து வைத்த மேசை

மேசை வைப்பதும் ஒரு தொழிலா?

சாப்பாட்டு மேசை வைத்துக் கொடுப்பதுதான் என் தொழில் என்றால் எங்கள் ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். "கறி ருசியா இருந்தாக் காணாதோ? மேசையிலை என்ன கிடக்கு?" என்று என் சொந்தத் தங்கச்சியே கேட்டாள். பிறகு அவளுடைய சம்பந்தி வீட்டார் முதன்முதலாகச் சாப்பிட வந்தபோது, விடியக் காலமை ஐந்து மணிக்கு எனக்குத்தான் ஃபோன் எடுத்தாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் இருபத்திரண்டு வருடம் சாப்பாட்டு அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். ஓய்வு பெற்றபின் மானிப்பாயில் வீட்டிலிருந்தபடியே ஓடர் எடுக்கிறேன். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சனங்கள்தான். அவர்களுக்குக் கொழும்பு ஹோட்டல் மாதிரியும் இருக்க வேண்டும், ஊர் மாதிரியும் இருக்க வேண்டும். அதற்கு நான் சில வேலைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பூவரசம் இலையில் ஊசியால் பெயர் எழுதி வைத்தால் கொஞ்ச நேரத்தில் எழுத்துக் கறுத்துத் தெளிவாகத் தெரியும். அதுதான் பெயர் அட்டை. சட்னிக்குச் சிரட்டை, நப்கினுக்குக் குருத்தோலை வளையம். வாழையிலையை ஆளுக்கு ஒன்றாகப் போடாமல், மேசை நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரேபிள் ரன்னர் மாதிரி விட்டதும் இந்தப் பக்கத்தில் நான்தான் முதல். அதில் எனக்குப் பெரிய எடுப்பு.

விடுதியில் என் முதல் நாளே மனேஜர் ஒரு சட்டம் சொல்லித் தந்தார். "விருந்தாளி கேட்டதை வை. ஏன் எண்டு கேளாதை. கேட்டியெண்டால் அது உன்ரை மேசையாப் போயிடும்." அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை. ஒருவர் மேசை முழுக்க மருந்துப் போத்தல்களை அடுக்கச் சொன்னார், அடுக்கினேன். ஒரு தம்பதி முகம் பார்க்காமல் முதுகுக்கு முதுகாக இருக்கக் கதிரை போடச் சொன்னார்கள், போட்டேன். இப்போது ஃபோனில் படம் பார்த்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டத்தைத்தான் சொல்லிக் கொடுத்து வந்தேன். அளவெட்டியில் வைத்த மேசைக்குப் பிறகு சொல்வதில்லை.

லண்டன் ஓடர்

ஓடர் லண்டனிலிருந்து வந்தது. மது என்ற பெண், ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். குரலில் எப்போதும் ஓர் அவசரம்.

"அன்ரி, அப்பாவுக்கு எண்பது வயது முடியுது. அளவெட்டியிலை தனியத்தான் இருக்கிறார். அவரின்ரை கூட்டாளிமார் ஏழு பேர் வருவினமாம். எட்டுப் பேருக்கு வடிவா ஒரு மேசை வைச்சுத் தாங்கோ. நான் வீடியோ கோலிலை வாறன்."

"நீங்கள் வரேல்லையோ பிள்ளை?"

"லீவு இல்லை அன்ரி. வீடியோவிலை பாத்தாக் காணும்தானே."

காணும், அது போதும் என்றுதான் நானும் சொன்னேன். இப்படிப் பத்து ஓடரில் ஆறு வரும். பிள்ளை அங்கே, தகப்பன் இங்கே, நடுவில் நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாப்பாட்டு மெனுவை அப்பாவிடமே கேட்கச் சொன்னாள். அவருக்குப் பிடித்தது எல்லாம் இருக்க வேண்டும், ஒன்றும் குறையக் கூடாது என்றாள்.

அளவெடுக்கப் போன நாள்

என்னோடு வேலை செய்கிறவள் சுகந்தி. நாற்பது வயது, வாய் நிற்காது, ஆனால் கை அதைவிட வேகம். இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போனோம். மதுவின் அப்பா ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஊரில் எல்லோரும் சேவையர் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் சேவையர் ஐயா என்றே கூப்பிட்டோம். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். வீட்டில் ஒரு தூசி இல்லை. ஆனால் ஆட்கள் புழங்குகிற வீட்டின் சத்தம் ஒன்றும் இல்லை. மணிக்கூடு கூட இல்லை. இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

நான் நாடாவை எடுத்து மேசையை அளக்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்தார். அதற்குள் அவருடைய பழைய திசைகாட்டி. அதை மேசையின் நடுவில் வைத்து, ஊசி ஆடி நிற்கும்வரை மூச்சுக் காட்டாமல் நின்றார். பிறகு சோக் கட்டியால் மேசையில் ஒரு கோடு கீறினார்.

"இதுதான் தெற்கு. கதிரை வடக்குப் பக்கத் தொங்கலிலை, அந்த முனையிலை, தெற்கைப் பாத்தபடி. இலையின்ரை நுனியும் தெற்கை."

"ஐயா, நுனி இருக்கிற ஆளின்ரை இடக்கைப் பக்கமெல்லோ வரவேணும்?" என்றாள் சுகந்தி.

அவளைக் கண்ணால் அடக்கினேன். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரே புளுகம், பெரிய சந்தோசம். இலையை நீட்டுக்கு விடுவது என்னுடைய கண்டுபிடிப்பு. என் படங்களை ஃபோனில் பார்த்துத்தான் கேட்கிறார், இந்த வயதிலும் மனிதருக்கு ரசனை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கனம் பிடித்தால் கண் தெரியாது என்பது சும்மா சொன்ன கதை இல்லை.

"கதிரை எட்டுக் கிடக்கோ ஐயா? இல்லாட்டி நான் கொண்டு வரட்டோ?"

"எட்டு வேண்டாம் தங்கச்சி. ஒண்டு காணும்."

"மகள் எட்டுப் பேர் எண்டு சொன்னவ."

"நான் அவளுக்கு ஏழு பேரின்ரை பேர் சொன்னது உண்மைதான். அதிலை அஞ்சு பேர் செத்துப்போச்சினம். மற்ற ரெண்டு பேரும் பிள்ளையளோடை கனடாவிலை. அவளுக்கு உது தெரியாது. நீரும் சொல்லாதையும்."

எனக்குச் சட்டென்று பாவமாக இருந்தது. தனியாக இருந்து சாப்பிடுவதை மகளிடமிருந்து மறைக்கப் பார்க்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. மெனுவைக் கேட்டேன். அவர் யோசிக்காமல் ஒப்புவித்தார். விளைமீன் குழம்பு, இறால் பொரியல், முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றம் பணியாரம், ஓர் இளநீர், அரைப் போத்தல் சாராயம், ஒரு சுருட்டு. இலைக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு. கிளாஸ் நிறையத் தண்ணீர்.

"சாராயமும் சுருட்டுமோ ஐயா?" என்று சிரித்தேன்.

"இருபது வருஷமாத் தொடேல்லை. அண்டைக்கு ஒருநாள் கிடக்கட்டும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது சுகந்தி ஸ்கூட்டரில் ஏறாமல் நின்றாள். "அக்கா, உவரின்ரை கதை எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். "உனக்கு எதுதான் ஒரு மாதிரி இல்லை? ஏறு" என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன்.

தோரணம்

பிறந்தநாளன்று பகல் ஒரு மணிக்கே போய்விட்டோம். வெயில் கொதித்தது. அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டியில் அது புதினமில்லை. ஆனால் அன்று ஒரே ஒரு இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அது சரி வரவும் இல்லை, விடவும் இல்லை.

ஒரு ஆளுக்கு மேசை வைப்பதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கஷ்டமான வேலை. எட்டுப் பேர் என்றால் எட்டு இலை, எட்டுக் கிளாஸ், மேசை தானாக நிரம்பும். ஒருவர் என்றால் மீதி மேசை வெறுமையாகக் கிடந்து அந்த ஒருவரைப் பார்க்கும். அதனால் நான் மேசையின் மற்றத் தொங்கல் வரைக்கும் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் பரவினேன். மேசையின் ஓரம் முழுக்கக் குருத்தோலைத் தோரணம் கட்டத் தீர்மானித்தேன். சுகந்தி நிலத்தில் இருந்து பின்னினாள். ஒவ்வொன்றிலும் ஓலையை மடித்த நாலு குருவி, தலை மேலே பார்க்க. கட்டி முடித்தபோது நானே இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தேன். அவ்வளவு வடிவு.

சாப்பாடு வரும்வரை இரண்டு பேரும் பின்பக்கம் நிழலில் போய் இருந்தோம். நாலரைக்குச் சமையல்காரரிடமிருந்து வந்தது. குசினியில் இருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், வேறொன்றையும் பார்க்காமல் இலையில் வைத்தேன். தண்ணீரை நான் வழக்கமாக விடும் அளவுக்கு, விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே, வார்த்தேன். விளக்கைக் கொளுத்தினேன். பிறகு குசினிக்குப் போய்ப் பாத்திரங்களை அடுக்கினேன். அந்த நேரத்தில் சுகந்தி யோசியாமல், வழக்கம்போல முடிந்த மேசையைப் படம் எடுத்து மதுவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். அனுப்பியபிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் ஃபோன்.

"அக்கா, நான் தோரணத்திலை எத்தினை குருவி விட்டனான்?"

"நாலு. ஏன்?"

"வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தோரணத்திலும் மூன்றுதான் இருந்தது. தலை கீழே பார்த்தபடி தொங்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு குருவியைக் கத்தரித்து, மற்ற மூன்றையும் தலைகீழாகத் திருப்பிக் கட்டியிருந்தது. அளந்து கட்டின மாதிரி எல்லாம் ஒரே இடைவெளி, சேவையர் ஐயாவின் கைவேலை. வெட்டிய குருவிகள் மேசைக்குக் கீழே ஒரு சிறு குவியலாகக் கிடந்தன.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தலை மேலே. செத்தவீட்டுக்கு மூன்று, தலை கீழே. அது விளங்கினவுடன் மற்றது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. தெற்குப் பார்த்த கதிரை. தெற்கே நுனி வைத்த இலை. தனி விளக்கு. சாராயம், சுருட்டு, பிடித்தது எல்லாம் ஒன்றும் குறையாமல். ஒருவர் செத்து எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டு என்று சுருக்கமாகச் சொல்வோம். நான் எத்தனை எட்டு வீட்டுக்குப் போய் வந்தவள். என் கையாலேயே ஒரு எட்டை வைத்து முடித்துவிட்டு, வடிவு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அக்கா, இது எட்டு" என்றாள் சுகந்தி.

"விசர்க் கதை கதையாதை. ஆள் உயிரோடை இருக்கிறார்."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

சாத்திய கதவு

சேவையர் ஐயா குளித்து, திருநீறு பூசி, புது வேட்டியோடு வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பிறகு கதிரையில் போய் இருந்து, இரண்டு கையையும் மடியில் வைத்தார்.

"தங்கச்சி, ரெண்டு பேரும் வெளியிலை போய்க் கதவைச் சாத்துங்கோ. நான் கூப்பிடமாட்டன். திறக்கிற நேரம் வந்தால் திறவுங்கோ."

இருபத்திரண்டு வருடத்திலும் அதற்குப் பிறகும் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "ஏன் ஐயா?"

"உவ்வளவு நேரமும் கேக்காமல்தானே வைச்சனீர். இப்ப என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது சுட்டது.

கதவைச் சாத்தினேன். கொண்டியில் வைத்த கையை எடுக்கவில்லை. சுகந்தி என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏதும் செய்துபோடுவாரோ அக்கா?" என்று கேட்டாள். "ஒண்டும் செய்யமாட்டார்" என்றேன். எனக்கு அது தெரியாது. பயத்தில் சொன்னேன்.

அடுத்த ஒழுங்கை நாதஸ்வரம் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் அந்த வீடு எவ்வளவு அமைதி என்று விளங்கியது. காகம் கூடக் கத்தவில்லை. அப்போது உள்ளே கதிரைக் கால் நிலத்தில் இழுபடும் சத்தம் கேட்டது. அந்த அறையில் இருந்தது ஒரே கதிரை. அதில் அவர் இருந்தார். பிறகு அவருடைய குரல், மெதுவாக, வந்தவரிடம் சொல்வதுபோல: "வாரும். இரும்."

சுகந்தியின் நகம் என் கையில் இறங்கியது. பதில் குரல் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. ஃபோன் அடித்தபோது இரண்டு பேரும் துள்ளிவிட்டோம். வீடியோ கோல்.

மது வேலைத்தலத்தில் ஏதோ படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். லண்டனில் அப்போது மத்தியானம். வழக்கமான அவசரம் முகத்தில் இல்லை.

"அன்ரி, நீங்கள் அனுப்பின படத்தை இப்பதான் பாத்தனான். ஒரு கதிரைதானே கிடக்கு? தோரணம் ஏன் தலைகீழாக் கிடக்கு?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வடிவான பக்கத்தை மட்டும் காட்டுவதுதானே என் தொழில். ஆனால் அவள் விடவில்லை.

"அம்மாவின்ரை எட்டுக்கும் உப்பிடித்தான் கட்டினவை. அண்டைக்கும் நான் வரேல்லை. ஃபோனிலைதான் பாத்தனான். பாதியிலை மீற்றிங் எண்டு வைச்சிட்டன்." அவளுடைய குரல் உடைந்தது. "அன்ரி, கதவு சாத்திக் கிடக்கோ?"

"ஓம் பிள்ளை."

"உள்ளுக்கு ஆர்?"

"அப்பா."

அவள் அந்தப் படிக்கட்டிலேயே இருந்துவிட்டாள். பிறகு, "திறவுங்கோ" என்றாள்.

படைத்த அறைக் கதவைச் சட்டென்று திறக்கக் கூடாது. வெளியே நின்று இருமிவிட்டுத் திறக்க வேண்டும். உள்ளே வந்திருக்கிறவர் எழும்பிப் போக நேரம் கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் இருமப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மூன்றாம் முறைதான் வந்தது. திறந்தேன்.

அவர் இருந்த இடத்தில் இருந்தார். கண் மூடியிருந்தது. கை மடியில். இலையில் நான் வைத்தது எதையும் யாரும் தொடவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

"திறந்தது ஆர்?" என்று கண் திறக்காமல் கேட்டார்.

"நான்தான் ஐயா."

"நான் எண்டால் ஆர்?"

"மேசை வைக்க வந்தனான் ஐயா."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அப்ப நீர்தான்" என்றார். கணக்கு ஒன்று சரிவந்ததுபோலத் தலையை ஆட்டினார். "எனக்கு வேறை ஒண்டும் தெரியத் தேவையில்லை தங்கச்சி. நான் செத்தால் சமைக்க ஆள் வருவான். ஐயர் வருவார். மேசை வைக்க நீர் வருவீர். எல்லாத்தையும் மகள் லண்டனிலை இருந்து ஓடர் பண்ணுவாள், அவள் கெட்டிக்காரி. மனிசியின்ரை எட்டுக்கு நான் இந்தக் கதவைத் திறந்தனான். என்ரை எட்டுக்கு இந்தக் கதவை ஆர் திறப்பினம்? அதைத்தான் பாக்கவேணும் எண்டு நினைச்சனான். பாத்திட்டன்."

ஃபோன் என் கையில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. அதைத் தூக்கி அவருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கீழேயிருந்து "அப்பா" என்று மது கூப்பிட்டாள். அவர் சட்டென்று திரும்பினார். ஃபோனைப் பார்க்கவில்லை. கதவடியைப் பார்த்தார். அங்கே சுகந்திதான் நின்றாள். அந்த ஒரு பார்வைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

பிறகுதான் அவருக்குக் குரல் எங்கிருந்து வருகிறது என்று விளங்கியது.

"மது. எங்கை நிக்கிறாய்?"

"வேலையிலை அப்பா."

"சரி. சாப்பிட்டிட்டியோ?"

கோல் நின்றுவிட்டது. அவள் வைத்தாளா, சிக்னல் போனதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல், மதுமேல், ஆகக் கூடுதலாக என்மேல். தோரணத்தை ஒரே இழுவையில் பிய்த்தேன். யன்னல்களைத் திறந்தேன். அந்த இலையை அப்படியே சுருட்டி எடுத்துச் சுகந்தியிடம் கொடுத்தேன். "ஐயா எழும்புங்கோ" என்றேன். "விடும் தங்கச்சி, கிடக்கட்டும்" என்றார். "கிடக்க விடமாட்டன். எழும்புங்கோ" என்று அதட்டியே விட்டேன். ஒரு வாடிக்கையாளரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. கதிரையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி, குசினியில் இருந்து இரண்டு முக்காலி கொண்டு வந்து, மூன்று இலை போட்டேன். நுனி இடக்கைப் பக்கம். சட்டியில் மிச்சம் இருந்த சோறும் குழம்பும் மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும். இருந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தரமும் சோறு போடச் சொல்லி, மீன் தலையை வடிவாக உறிஞ்சிச் சாப்பிட்டார். சாராயத்தை மட்டும் வாசம் பார்த்துவிட்டு மூடினார்.

கை கழுவும்போது மெதுவாகக் கேட்டேன். "ஐயா, கதவு சாத்தியிருக்கேக்கை ஆரை வாரும், இரும் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் துவாயால் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

மேசையைத் துடைக்கப் போனபோது, முதல் வைத்த கிளாஸ் மட்டும் நாங்கள் மூன்று பேரும் தொடாமல் பழைய இடத்தில் இருந்தது. தண்ணீர் பாதிதான் இருந்தது. வெக்கைக்கு வற்றியிருக்கும் என்று சுகந்திக்குச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் அரைக் கிளாஸ் வற்றாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றி அதற்குப் பிறகு கதைத்ததில்லை.

மதுவின் இரண்டாவது ஓடர்

இரண்டு கிழமை கழித்து மதுவிடமிருந்து வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. அவசரமில்லாமல், சொல்லுக்குச் சொல் யோசித்துக் கதைத்திருந்தாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கவேணும். கோவிக்கக் கூடாது. அப்பாவுக்கு அப்பிடி ஏதும் எண்டால், எட்டுக்கு நீங்களே வந்து எல்லாத்தையும் முறையா வைச்சுத் தருவீங்களோ? உங்களிலைதான் அப்பாவுக்கு நம்பிக்கை. நான் வீடியோவிலை நிப்பன். இந்தமுறை பாதியிலை வைக்கமாட்டன்."

நான் அந்தச் செய்தியை நாலு தரம் கேட்டேன். அவள் கெட்ட பிள்ளை இல்லை. தன்னால் ஏலுமானதைத்தான் கேட்கிறாள். பழைய ஆளாக இருந்தால் ஓம் என்று சொல்லி, குருத்தோலைக்கு இப்போதே சொல்லி வைத்திருப்பேன்.

"மேசை வைப்பன் பிள்ளை. கதவு திறக்கமாட்டன். அதுக்கு நீங்கள் வரவேணும்" என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "ஆர் திறந்தால் என்ன அன்ரி? அப்பாவுக்கு அது தெரியவோ போகுது?"

நான் உடனே எழுதினேன். "தெரியாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவள் வாசித்துவிட்டாள் என்று ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. கூடிப்போய்ச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கு நித்திரையும் வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்லிக் கொடுப்பது இதுதான். எத்தனை பேர் என்று கேளுங்கள், என்ன சாப்பாடு என்று கேளுங்கள். பிறகு ஏன் என்றும் கேளுங்கள். வரவேண்டிய யார் வராமல் இந்த மேசை வைக்கப்படுகிறது என்று கேளுங்கள். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், ஓடர் போகும். ஆனால் கேட்காமல் வைத்தால் என்ன வைக்கிறோம் என்று நமக்கே தெரியாமல் போகும். என் மனேஜர் சொன்ன சட்டத்தில் பாதி சரிதான். கேட்டால் அது என்னுடைய மேசையும் ஆகிவிடும். ஆகட்டும் என்கிறேன்.

நாலாம் நாள் காலை சேவையர் ஐயா எடுத்தார். அவர் தானாக எனக்கு ஃபோன் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, மகள் மாசியிலை வாறாளாம். ரிக்கற்றும் போட்டிட்டாளாம். நீர் அவளுக்கு என்ன சொன்னனீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா."

"பொய் சொல்லாதையும்" என்றார். அவர் சிரிப்பதை அன்றுதான் கேட்டேன்.

"அப்ப மேசை எத்தினை பேருக்கு ஐயா?"

"ஒரு மேசையும் வேண்டாம். நீர் வராதையும். நான் குசினிக்குள்ளை சமைச்சு அவளுக்குக் குடுக்கிறன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.